மணியாச்சிக் கொலை: நோக்கத்தைத் தேடி ஒரு விசாரணை

கேள்வி

மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டவர் யார் என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. செங்கோட்டை வாஞ்சி ஐயர் சுட்டார். சற்று நேரத்தில் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவருடைய சட்டைப்பையில் அவர் பெயரிட்ட கடிதம் இருந்தது. கொலையாளி, ஆயுதம், வாக்குமூலம் மூன்றும் ஒரே இடத்தில் அகப்பட்ட வழக்கு. துப்பறிவதற்கு எதுவும் மிச்சமில்லை என்று தோன்றும் இந்த வழக்கில்தான், ‘ஏன்’ என்ற கேள்வி ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் அடங்காமல் இருக்கிறது.

இன்று மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நசுக்கியதற்கும் 1908-இல் திருநெல்வேலியில் சிந்திய ரத்தத்துக்கும் பழி தீர்த்தார் என்பது முதல் விடை. சனாதன தர்மத்துக்கு வந்த ஆபத்தைக் கண்டு பொங்கிய ஒரு வைதிகரின் செயல் என்பது இரண்டாவது. ஆஷ் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியை அக்கிரகாரத்தின் வழியே வண்டியில் கொண்டுபோனார், அதற்காகக் கொல்லப்பட்டார் என்பது மூன்றாவது. பள்ளிப் பாடமும் திரைப்படமும் முதல் விடையைச் சொல்கின்றன. மேடைகளிலும் கைபேசிகளிலும் மற்ற இரண்டும் சுற்றுகின்றன. சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் டீக்கடைப் பேச்சில்கூட மூன்றையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம். கேட்பவருக்கு விடை சொல்பவரின் சாதியையும் கட்சியையும் ஊகித்துவிடவும் முடியும். விடைகள் சான்றிலிருந்து பிறக்கவில்லை என்பதற்கு இதுவே முதல் அறிகுறி.

இக்கட்டுரை அந்த மூன்று விடைகளையும் சான்றுகளின் முன் நிறுத்திப் பார்க்க முயல்கிறது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஏன் ஒரு கொலை’ என்பதும் ‘ஏன் ஆஷ்’ என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாக்கி ஒரே விடையைத் தேடியதால்தான் இவ்வளவு குழப்பம்.

நடந்தது

ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ் அயர்லாந்துக்காரர், 1872-இல் பிறந்தவர். 1908-இல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து, 1910 ஆகஸ்டில் திருநெல்வேலியின் பொறுப்புக் கலெக்டரானார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் பிரிந்து புதிதாக ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்திருந்தன. சங்கரன்கோவில் தாலுகா திருநெல்வேலியோடு நின்றது. ஆகவே மேலநீலிதநல்லூர்க் கரிசல்காட்டு விவசாயி கட்டிய தீர்வையும் ஆஷின் கச்சேரிக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 17 காலை ஆஷும் மனைவி மேரியும் திருநெல்வேலி ஜங்ஷனில் மணியாச்சி மெயிலில் ஏறினார்கள். கொடைக்கானலில் அவர்களுடைய நான்கு குழந்தைகளும் காத்திருந்தார்கள். மணியாச்சி சிறிய ஊர். ஜங்ஷன் என்பதால் மட்டுமே பெயர் பெற்றது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் போட் மெயிலில் அங்கே மாறியாக வேண்டும். வண்டி 10.38-க்கு வந்து நின்றது. போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48. அந்தப் பத்து நிமிட இடைவெளிக்குள் எல்லாம் முடிந்தது.

முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேறு பயணிகள் இல்லை. நன்றாக உடுத்திய குடுமிக்காரர் ஒருவரும் வேட்டி கட்டிய இளைஞர் ஒருவரும் பெட்டியை நெருங்கினார்கள். முன்னவர் ஏறி, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு மார்பில் பாய்ந்தது. சத்தம் பலருக்குக் கேட்கவில்லை, காற்று அப்படி வீசிக்கொண்டிருந்தது. ஆனி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கிச் சமவெளியில் புழுதியை வாரி இறைக்கும் அந்தக் காற்றை இப்பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை. சுட்டவர் நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்தார். பின்னர் வாயில் சுட்டுக்கொண்டு இறந்த நிலையில் அங்கேயே கண்டெடுக்கப்பட்டார். ஆஷைத் திருநெல்வேலிக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. உடன் வந்த இளைஞர் தப்பிவிட்டார்.

இதைத் தென்னகத்தில் ஆங்கில அதிகாரி ஒருவர் அரசியல் காரணத்தால் கொல்லப்பட்ட ஒரே நிகழ்ச்சி என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. 1942 செப்டம்பரில் இதே திருநெல்வேலிச் சீமையின் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டுப் பின் குறைக்கப்பட்டது. கலெக்டர் பதவியின் உயரம் ஆஷின் கொலைக்குக் கொடுத்த வெளிச்சம் அடுத்ததன் மேல் விழவில்லை.

கடிதம்

மூன்று தரப்பும் சாட்சிக்கு அழைப்பது வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த தமிழ்க் கடிதத்தை. அதை முழுதாகப் படித்தவர்களைவிட மேற்கோளாகக் கேட்டவர்களே அதிகம். அதில் உள்ளவை இவை: ஆங்கிலேய மிலேச்சர்கள் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கிறார்கள், ராமரும் கிருஷ்ணரும் அர்ஜுனரும் சிவாஜியும் குரு கோவிந்தரும் ஆண்ட நாட்டில் மாட்டிறைச்சி உண்ணும் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டப் பார்க்கிறார்கள், அவர் இங்கே கால் வைத்ததும் கொல்வதற்கு 3000 மதராசிகள் சபதம் எடுத்திருக்கிறார்கள், அதைத் தெரிவிக்கவே அவர்களில் கடையவனாகிய தான் இதைச் செய்ததாக முடிகிறது.

பரவலாக அச்சாகியிருக்கும் வடிவில் இக்கடிதத்தில் ஆஷின் பெயர் இல்லை. கப்பல் கம்பெனி இல்லை. வ.உ.சி. இல்லை, 1908 இல்லை. அக்கிரகாரமும் இல்லை. சுட்ட மனிதர் தம் கையால் விட்டுச்சென்ற ஒரே தாள், தாம் சுட்ட மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது பேசுவதெல்லாம் அரசரைப் பற்றி. தேதியைப் பார்த்தால் வியப்பு குறைந்துவிடும். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா லண்டனில் ஜூன் 22-இல் நடக்க இருந்தது. கொலைக்கும் அதற்கும் இடையே ஐந்து நாள். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி தர்பாருக்காக அவர் இந்தியாவுக்கே வர இருந்தார்.

எனவே ‘ஏன் ஒரு கொலை’ என்ற கேள்விக்குக் கடிதம் தெளிவான விடை வைத்திருக்கிறது: முடிசூட்டு விழாவின் முன்னால் பேரரசுக்கு விடுக்கும் அறைகூவல் அது. 3000 பேர் என்ற எண்ணை யாரும் மெய்யென்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; வாஞ்சி சேர்ந்திருந்த ரகசியச் சங்கத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்திருந்தாலே அதிகம். அச்சமூட்டுவதற்காக எழுதப்பட்ட எண் அது. எழுதியவர் யாருக்காக எழுதினார் என்பதையும் அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. தம் ஊராருக்கு அவர் எழுதவில்லை. பிணத்தைச் சோதனையிடப்போகும் போலீசுக்கும், அவர்கள் வழியாக அரசாங்கத்துக்கும் எழுதினார்.

1908-இன் நிழல்

பழிவாங்கல் விடைக்கு அடித்தளம் வலுவானது, ஆனால் அதன்மேல் கட்டியிருப்பதில் கலப்படம் இருக்கிறது. 1906 அக்டோபரில் பதிவான வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்துத் திரட்ட முனைந்தது. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு இருபதாண்டுத் தீவாந்தரத் தண்டனைகளை விதித்தார்; மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது.

இந்த வரிசையில் ஆஷின் இடம் எது? மக்கள் நினைவில் அவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. 1961-இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ அந்த நினைவுக்கு முகமும் குரலும் கொடுத்தது. ஆனால் 1908 மார்ச்சில் மாவட்டக் கலெக்டர் விஞ்ச். திருநெல்வேலித் துப்பாக்கிச் சூட்டின் நிர்வாகப் பொறுப்பு அவருடையது. வ.உ.சி.யோடு நேருக்கு நேர் மோதியவரும் அவரே. ஆஷ் தூத்துக்குடியில் இருந்தார். கப்பல் கம்பெனிக்கும் மில் தொழிலாளருக்கும் எதிராக நின்ற நிர்வாகத்தின் உள்ளூர்க் கை அவர். அந்தப் பங்கு சிறியதல்ல. கம்பெனிக்குத் தினசரி முட்டுக்கட்டை போட்டது துறைமுக ஊரின் நிர்வாகம்தான், அதன் தலையில் இருந்தவர் ஆஷ்தான். ஆனாலும் நான்கு உயிர்களின் கணக்கை அவர் பேரில் எழுதுவதற்குச் சான்று இடம் தரவில்லை.

இதிலிருந்து பிறப்பது ஒரு எளிய அனுமானம். 1911-இல் விஞ்ச் திருநெல்வேலியில் இல்லை, பின்ஹேயும் இல்லை. 1908-இன் ஆங்கில அதிகாரிகளில் மாவட்டத்துக்குத் திரும்பிவந்து, அதுவும் தலைமைப் பொறுப்பில் உட்கார்ந்திருந்தவர் ஆஷ். ‘ஏன் ஆஷ்’ என்ற இரண்டாம் கேள்விக்கு இதுவே போதிய விடை என்று நினைக்கிறேன். ஆ. சிவசுப்பிரமணியன் ‘ஆஷ் கொலையும் இந்தியப் புரட்சி இயக்கமும்’ என்ற நூலிலும், ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ஆய்வுகளிலும் இக்கொலையை சுதேசி இயக்கத்தின் தொடர்ச்சியில் வைத்தே பார்க்கிறார்கள். அந்தப் பார்வையோடு எனக்கு உடன்பாடுதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: தொடர்ச்சி இருந்த அளவுக்கு முறிவும் இருந்தது. அதைப் பார்க்கத் தவறினால் இரண்டாவது விடைக்காரர்களுக்கு நம்மிடம் பதில் இருக்காது.

சபதக்காரர்களின் மொழி

1908-இல் தூத்துக்குடித் தெருக்களில் நின்றவர்கள் மில் தொழிலாளர்கள், வண்டிக்காரர்கள், சவரத் தொழிலாளர்கள், கசாப்புக்காரர்கள். அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்த வக்கீலுக்குச் சவரம் செய்ய மறுக்கும் அளவுக்கு அரசியல் கத்தி முனைவரை வந்திருந்தது. வழக்கும் சிறையும் அந்த இயக்கத்தை உடைத்துப்போட்டன. மூன்றாண்டுகளுக்குப் பின் அதன் இடத்தில் நின்றது பாரதமாதா சங்கம் என்னும் ஒரு சிறு வட்டம். நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்த்தார். குங்கும நீரை வெள்ளையரின் ரத்தமாகப் பாவித்துக் குடித்தும், கட்டைவிரலைக் கீறி ரத்தத்தால் பெயர் பதித்தும் காளியின் முன்னால் சத்தியம் செய்தார்கள் என்று அப்ரூவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஆரியர்களை விளித்து எழுதிய துண்டு வெளியீடுகள் கைமாறின.

இந்த வட்டத்தின் மொழி வைதிகச் சாயம் கொண்டது என்பதை மறைப்பதில் பொருளில்லை. மிலேச்சர், கோமாமிசம், சனாதனம் எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. வாஞ்சியைக் கொண்டாடுவோர் இச்சொற்களை விழுங்கிவிடுகிறார்கள்; அது நேர்மையல்ல. ஜார்ஜின் பெயரோடு வரும் ‘பஞ்சமன்’ என்பதைச் சாதி வசையாக எடுத்துக்காட்டுவோரும் உண்டு. ஐந்தாவதாக அப்பெயர் தாங்கிய அரசர் என்ற நேர்ப்பொருளே அங்கே போதும். மற்றச் சொற்களே வேண்டிய சான்றைத் தரும்போது இதை இழுப்பது வாதத்தைப் பலவீனப்படுத்தும்.

ஆனால் சொல்லிலிருந்து நோக்கத்துக்குத் தாவும்போது இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று, வங்காளத்திலும் மராட்டியத்திலும் அன்றைய ரகசியச் சங்கங்கள் எல்லாமே ஏறக்குறைய இதே மொழியில்தான் பேசின; கீதையும் காளியும் சிவாஜியும் அவர்களுக்குப் பொதுச் சொத்து. செங்கோட்டைக்கு மட்டும் உரிய ஒரு வைதிகக் கோபத்தை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. இரண்டு, கொலையைத் தொடர்ந்து நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கில் கூண்டில் நின்ற பதினான்கு பேரில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெயர் பிள்ளை என்று முடிகிறது. மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, முத்துக்குமாரசாமிப் பிள்ளை, சுப்பையா பிள்ளை, சாவடி அருணாசலம் பிள்ளை என்று அந்தப் பட்டியல் போகிறது. அக்கிரகாரத்தின் தனிச் சதி என்ற படம் இந்தப் பட்டியலோடு பொருந்தவில்லை.

பொருந்தாத இன்னொன்றையும் அதே பட்டியல் காட்டுகிறது. 1908-இன் வண்டிக்காரரும் மில் தொழிலாளியும் இதில் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியார் பெயர் தேடினாலும் அகப்படாது. இயக்கம் சுருங்கச் சுருங்க அதன் மொழியும் சுருங்கியது. சங்கத்தின் சொற்கள் வாஞ்சியின் சாதியைவிட அந்தச் சுருக்கத்தையே அதிகம் சொல்வதாக எனக்குப் படுகிறது.

அக்கிரகாரக் கதை

மூன்றாவது விடையின் கதை இது. பிரசவ வேதனையில் துடித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணை ஆஷ் தம் வண்டியில் ஏற்றி அக்கிரகாரத் தெரு வழியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறித்தவர்களைச் சாட்டையால் அடித்தார். அடிபட்டவர்களில் வாஞ்சியின் தந்தையும் ஒருவர். சிலர் இதைச் செங்கோட்டையில் வைக்கிறார்கள், சிலர் அம்பாசமுத்திரம் பக்கம் கொண்டுபோகிறார்கள். குற்றால அருவியில் எல்லாச் சாதியாரும் குளிக்க ஆஷ் வழி செய்தார் என்ற வேறொரு கதையும் இதனோடு ஒட்டிக்கொள்கிறது.

சங்கரன்கோவிலும் செங்கோட்டையும் இன்று ஒரே தென்காசி மாவட்டம். அதனால் நமக்கு மறந்துபோன ஒரு செய்தி இதில் இருக்கிறது. 1911-இல் செங்கோட்டை ஆங்கிலேய இந்தியாவில் இல்லை. அது திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடு. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தது. திருநெல்வேலிக் கலெக்டருக்குச் செங்கோட்டை அக்கிரகாரத்தில் சாட்டையைத் தூக்கும் அதிகாரமும் இல்லை, அங்கே சுற்றுப்பயணம் செய்யும் வேலையும் இல்லை. அந்நிய சமஸ்தானத்தில் ஓர் ஆங்கில அதிகாரி பிராமணர்களை அடித்திருந்தால் அது இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே கடிதப் போக்குவரத்தைக் கிளப்பியிருக்கும். சரி, சம்பவத்தை எல்லைக்கு இந்தப் பக்கம் நகர்த்திவிடலாம் என்றால், வாஞ்சியின் தந்தை ரகுபதி ஐயர் அங்கே எப்படி வந்தார் என்ற முடிச்சு விழுகிறது. கதை எந்த ஊரில் நின்றாலும் ஒரு கால் அந்தரத்தில் தொங்குகிறது.

நீதிமன்றப் பக்கத்திலிருந்தும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கொலைக்குத் தனிப்பகை காரணம் என்று காட்ட முடிந்திருந்தால், கூண்டில் நின்ற பதினான்கு பேரின் வக்கீல்களுக்கு அதைவிட நல்ல வாதம் ஏது? வாஞ்சி தம் தகப்பனுக்காகச் சுட்டார், எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிச் சதிக் குற்றச்சாட்டின் அடிமரத்தையே வெட்டியிருக்கலாம். செங்கோட்டைக்காரர்களே பலர் கூண்டில் இருந்த வழக்கில் அப்படியொரு வாதம் எழவில்லை. எனக்கு இதுவே முடிவான சான்று.

கதை பொய் என்பதால் அதைச் சொல்பவர்களை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. அது நம்பும்படியாக இருப்பதற்கு இந்த மண்ணே காரணம். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே உள்ள கழுகுமலையில் 1895-இல் தேர்வீதியில் ஊர்வலம் போகும் உரிமைக்காக மூண்ட சண்டை உயிர்ப்பலியில் முடிந்தது. 1899-இல் சிவகாசி எரிந்தது. தெருவில் நடக்கும் உரிமைக்காக உயிரைக் கொடுத்த வட்டாரம் இது. பிரசவ வேதனையில் கிடந்த பெண்ணையும் சுற்றுவழியில் தூக்கிக்கொண்டு போன குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுடைய அனுபவம் உண்மை. அந்த உண்மையை ஆஷின் வண்டியில் ஏற்றியதுதான் தவறு. அப்படி ஏற்றுவதால் ஓர் ஏகாதிபத்திய அதிகாரிக்கு அவர் செய்யாத நற்செயல் ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. கழுகுமலையில் செத்தவர்களோ பெயரில்லாமல் போகிறார்கள்.

ஓர் ஆங்கிலச் சிற்றூர்

கொலையைச் சுற்றிக் கதை படர்வதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் வார்விக்ஷயரிலுள்ள லோயர் குவின்டன் என்ற சிற்றூர் உதவும். 1945 பிப்ரவரி 14 அன்று சார்லஸ் வால்ட்டன் என்ற 74 வயது வேலி வெட்டும் தொழிலாளி வயல் ஓரத்தில் பிணமாகக் கிடந்தார். வேலி வெட்டும் வளைகத்தி கழுத்தில் இறங்கியிருந்தது. வைக்கோல் கவை உடலைத் தரையோடு குத்தி நிறுத்தியிருந்தது. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ராபர்ட் ஃபேபியன் வந்து விசாரித்தார். கொலையாளி சிக்கவில்லை.

விசாரணைக் காலத்துப் போலீஸ் அறிக்கையில் சந்தேகம் விழுந்தது வால்ட்டனை வேலைக்கு வைத்திருந்த பண்ணைக்காரர் மீது. ஆண்டுகள் ஓடின. பில்லிசூனியக்காரன் என்று பயந்து கிழவரைப் பலியிட்டுவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. பக்கத்து லாங் காம்ப்டனில் 1875-இல் சூனியக்காரி என்று எண்ணி ஒரு முதியவளைக் கவையால் குத்திய சம்பவம் உண்மையிலேயே நடந்திருந்தது. அது இதற்குச் சாட்சியாக வந்து சேர்ந்தது. மார்கரெட் மர்ரே போன்ற அறிஞர் ஒருவர் இதற்கு ஆதரவாகப் பேசினார். ஃபேபியனே பிற்கால நினைவுக் குறிப்புகளில் அந்தப் பக்கம் சாய்ந்தார். மார்பில் சிலுவை கீறியிருந்தது என்ற செய்தியும் நூல்களில் நுழைந்தது. பிரேதப் பரிசோதனையில் அப்படி ஒரு காயம் பதிவாகவில்லை.

மணியாச்சிக்கும் குவின்டனுக்கும் வேற்றுமை பெரிது: அங்கே கொலையாளி தெரியவில்லை, இங்கே தெரியும். ஆனால் இரண்டிலும் நோக்கத்தின் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை நிரப்பியது அந்தந்த ஊரின் பழைய, மெய்யான ஒரு காயம். லாங் காம்ப்டனுக்கு அங்கே எந்த வேலையோ, கழுகுமலை போன்ற நினைவுகளுக்கு இங்கே அந்த வேலை.

மூன்று அரசுகள்

செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது என்பதற்கு இன்னும் ஒரு பயன் உண்டு. வாஞ்சி திருவிதாங்கூர் பிரஜை. புனலூரில் சமஸ்தானத்தின் வனத்துறையில் வேலை பார்த்தவர். அவர் சம்பளம் வாங்கியது மகாராஜாவிடம், ஆஷிடம் அல்ல. 1911 தொடக்கத்தில் லீவு போட்டுப் புதுச்சேரிக்குப் போனார். ஐரோப்பாவிலிருந்து 1910 இறுதியில் அங்கே வந்து சேர்ந்திருந்த வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது.

பயிற்சி பிரெஞ்சு மண்ணில், இருப்பிடம் சமஸ்தானத்தில், இலக்கு ஆங்கிலேய மாவட்டத்தில். ஒரு போலீஸின் கை இன்னொன்றின் எல்லைக்குள் நீள முடியாத மூன்று அரசுகளைச் சங்கத்தார் ஒரே களமாக்கிக்கொண்டார்கள். அதைச் சாத்தியமாக்கியது ரயில். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியே கொல்லத்துக்கு 1904-இல் பாதை திறந்திருந்தது. புனலூர், செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி, மணியாச்சி என்று ஒரே இருப்புப்பாதையில் கோத்த மணிகளாக இவர்களுடைய ஊர்கள் அமைந்தன. சங்கரன்கோவிலுக்கு ரயில் வந்தது 1927-இல்தான். அந்தப் பாதைக்கு வெளியே கிடந்த நம் பகுதியின் பெயர் வழக்கில் பெரிதாக அடிபடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

புவியியல் ‘ஏன் ஆஷ்’ என்பதற்கும் துணை நிற்கிறது. இந்தப் பாதையின் கிழக்கு முனையில், எட்டும் தூரத்தில் இருந்த மிக உயர்ந்த ஆங்கில அதிகாரி திருநெல்வேலிக் கலெக்டர். அரசர் டெல்லிக்கு வந்தாலும் இந்தத் தென்கோடிக்கு வரப்போவதில்லை. அரசருக்குச் சொல்ல நினைத்ததை அவருடைய உள்ளூர்ப் பிரதிநிதியிடம் சொன்னார்கள். அந்தப் பிரதிநிதி 1908-இன் ஆளாகவும் இருந்தது முடிவை எளிதாக்கியது.

அப்ரூவர்களின் சொல்

சங்கத்தின் உட்புறத்தைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இரு அப்ரூவர்களின் சாட்சியத்திலிருந்து வருகிறது. தூக்குமேடையின் நிழலில் பேசியவர்கள் அவர்கள். போலீஸ் தேடி வந்தபோது தர்மராஜ ஐயரும் செங்கோட்டை வேங்கடேசுவர ஐயரும் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பதை நினைத்தால், அந்த வாரங்களில் பேசுவதற்கும் பேசாமலிருப்பதற்கும் என்ன விலை இருந்தது என்பது புரியும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி அமர்வில் தலைமை நீதிபதி ஆர்னால்ட் ஒயிட், எய்லிங், சங்கரன் நாயர் மூவரும் விசாரித்தனர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு, வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டு. மற்ற சிலருக்குக் குறைந்த தண்டனை. ஐந்து பேர் விடுதலை. சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். சுதேசி இயக்கத்திலிருந்து தொடங்கி மாவட்டத்தின் அரசியல் மனநிலையை அவர் அதில் விரிவாக எடுத்து ஆராய்ந்தார். கொலையை 1908-இன் தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு அவரே முன்னோடி எனலாம். பிற்காலத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததாக எண்ணப்படும் பார்வை, வழக்கு நடந்த காலத்திலேயே ஒரு நீதிபதியிடம் இருந்தது.

முதல் எதிரியான நீலகண்டர் கொலை நடந்தபோது வட இந்தியாவில் இருந்தார். சிறை மீண்டபின் சிங்காரவேலரோடு பொதுவுடைமைப் பக்கம் போய் மறுபடி சிறை சென்றார். கடைசியில் மைசூர் நந்தி மலையில் ஓம்கார் என்ற துறவியாகி 1978 வரை வாழ்ந்தார். சனாதனம் பேசிய சங்கத்தை நிறுவியவரின் பிற்காலம் இப்படிப் போயிற்று. ஒரு துண்டு வெளியீட்டின் சொற்களை வைத்து மனிதர்களை ஆயுளுக்கும் முத்திரை குத்துவதில் உள்ள ஆபத்துக்கு அவரைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

பிடிபடாதவர்

மணியாச்சி நடைமேடையில் வாஞ்சியோடு நின்ற இளைஞர் ஒட்டப்பிடாரம் மாடசாமி என்று அறியப்படுகிறார். அரசாங்கம் எவ்வளவோ தேடியும் அவர் அகப்படவே இல்லை. வ.உ.சி.யின் சொந்த ஊர் ஒட்டப்பிடாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். கடிதம் 1908-ஐப் பற்றி மௌனம் காத்தாலும், கொலையில் உடன் வந்தவரின் ஊரே அந்த மௌனத்தை ஓரளவு கலைக்கிறது. செங்கோட்டை ஆளும் ஒட்டப்பிடாரம் ஆளும் ஒரே பெட்டியை நோக்கி நடந்தார்கள்: ஒருவர் பையில் அரசருக்கு எழுதிய கடிதம், இன்னொருவர் ஊரில் உடைந்துபோன கப்பல் கம்பெனியின் நினைவு. நான் தனித்தனியாகப் பிரித்த இரண்டு கேள்விகளும் அந்த நடைமேடையில் சேர்ந்தே நின்றன.

வாஞ்சிக்குச் செங்கோட்டையில் சிலை இருக்கிறது, மணியாச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஆஷுக்குப் பாளையங்கோட்டையில் கல்லறையும் தூத்துக்குடியில் நினைவு மண்டபமும் உண்டு. இவற்றைச் சுற்றி நடக்கும் சண்டையில் காகிதங்களைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. சென்னை அரசின் கோப்புகளை ஆய்வாளர்கள் ஓரளவு கரைத்துக் குடித்துவிட்டார்கள். திருவிதாங்கூர்ப் பக்கத்து ஆவணங்களை அவற்றோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்கும் வேலை அந்த அளவுக்கு நடக்கவில்லை. செங்கோட்டையில் நடந்த சோதனைகள், புனலூர் வனத்துறையில் வாஞ்சியின் லீவு விண்ணப்பம், சமஸ்தானப் போலீஸ் எழுதிய அறிக்கைகள் போன்றவற்றை அந்தப் பக்கத்தில்தான் தேட வேண்டும். மேலநீலிதநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் ஓர் இரவுப் பயணம்தான். அக்கிரகாரக் கதைக்கு ஒரு துளி ஆதாரம் இருந்தாலும் அது அங்கேதான் இருக்கும்; இல்லையென்றால் அந்த இல்லாமையும் அங்கேதான் உறுதிப்படும்.